அறுபத்துநாலாவது கையெழுத்து

ஜூலை 7, ஞாயிறு

ஐம்பத்தெட்டு ஆயிற்று. இன்னும் ஆறு வேண்டும், எட்டு நாள் இருக்கிறது.

ஜூலை பதினைந்து மாலை ஐந்து மணிக்குள், எங்கள் அடுக்ககத்தின் தொண்ணூற்றாறு வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது அறுபத்துநாலு உரிமையாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் நிர்வாகக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டால் அவர்களுடைய ஒப்பந்தம் முறிந்துவிடும். போகாவிட்டால் தானாகவே இன்னும் மூன்று வருடம் நீளும். வக்கீல் மாசிலாமணி பழைய ஒப்பந்தத்தைத் துருவி இந்த விதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

ஒரு கூட்டம் போடாமல், ஒரு வார்த்தை கேட்காமல் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கிய கம்பெனி இது. கணக்குக் கேட்டால் "எல்லாம் சிஸ்டத்துல இருக்கு சார்" என்பான் மேனேஜர் சுதர்சன். மார்ச் முதல் நாங்கள் நாற்பது வீட்டார் கட்டணத்தை நிறுத்தினோம். அவர்கள் பதிலுக்கு நாற்பது வீட்டின் இன்டர்காமையும் துண்டித்தார்கள். கண்டித்து நான் எழுதிய கடிதம் நான்கு பக்கம். பதிலே இல்லை. உரிமையாளர் சங்கச் செயலாளருக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை.

மாலை எதிர்வீடு, 703. ஜெபமணி டீச்சர். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்துநாலு வயது, தனியாள். மகள் பிரிசில்லா புனேயில். டீச்சர் ஒழுங்காகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்தான். நான் சொல்லித்தான் நிறுத்தினார். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரூவா பெருசில்ல சார். அந்த போனை அறுத்துட்டானுவளே. ஒண்ணுன்னா கீழ கேட்டுக்கு எப்படிச் சொல்லுவேன்?"

"நான் எதிர்லதானே இருக்கேன் டீச்சர். ஆறு அடி தூரம். ஒரு குரல் கொடுங்க, வந்து நிப்பேன்."

"பிரிசில்லா வேற, கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இருங்கம்மாங்கா. யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்லுதேன்."

கணக்கு டீச்சர் யோசிப்பதற்கு ஒரு வாரமா என்று மனைவி குணசுந்தரியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "தனியா இருக்கிறவங்களுக்கு பயம் இருக்காதா?" என்றாள்.

ஜூலை 10, புதன்

அறுபத்தொன்று. முழங்கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் லாரி மூன்று மணி நேரம் தாமதம்.

சுதர்சன் லிஃப்டில் மாட்டினான். "சார், நீங்க போன வருசம் போட்ட பால் பை ரூல்தான் எங்க செக்யூரிட்டிக்கே பெரிய வேலை" என்று குத்தினான். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டு வாசலில் மாட்டிய பையில் இரண்டு நாள் பால் பாக்கெட் தேங்கினால், பதினொன்றரை மணிச் சுற்றில் வரும் செக்யூரிட்டி உடனே கதவைத் தட்ட வேண்டும், திறக்காவிட்டால் கேட்டுக்குச் சொல்ல வேண்டும். நான் எழுதிய சுற்றறிக்கைதான். இந்தக் கட்டடத்தில் உருப்படியாக நடக்கும் ஒரே விதி அது என்று அவனிடம் சொன்னேன்.

ஜூலை 13, சனி

அறுபத்துமூன்று.

மீதி இருப்பவர்களில் பாதிப் பேர் வெளிநாடு, பாதிப் பேர் கம்பெனிக்கு வேண்டியவர்கள். டீச்சர் போட்டால்தான் உண்டு. நேற்றும் இன்றும் அவரைக் கண்ணிலேயே காணோம். நாளை ஞாயிறு, அவர் சொன்ன நாள்.

ஜூலை 14, ஞாயிறு

எட்டு மணிக்கு 703-இன் மணியை அடித்தேன். உள்ளே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. இஞ்சி தட்டுகிறார் போலும், ஞாயிற்றுக்கிழமைச் சமையல். இன்னொரு முறை அடித்தேன். சத்தம் கொஞ்சம் வேகமாயிற்று. கை வேலையாக இருக்கிறவரை ஏன் இழுப்பது, பிறகு வரலாம் என்று திரும்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு மறுபடி போனேன். சத்தம் எதுவும் இல்லை. சர்ச்சுக்குப் போயிருப்பார். நாலு முறை மணி அடித்தேன். கடிதத்தை வாங்கிப் போக வக்கீலின் குமாஸ்தா கீழே வந்து நின்றாயிற்று. நாளை கம்பெனியில் கொடுக்க வேண்டும், இன்றே நகல் எடுக்க வேண்டும் என்று வக்கீல் போனில் அவசரப்படுத்தினார்.

டீச்சர் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடியவரும் இல்லை.

வங்கியில் முப்பத்தொரு வருடம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான். டீச்சர் சங்கத்துக்குக் கொடுத்த காசோலைகள் என் கோப்பில்தான் இருக்கின்றன. 'ஜெ'வின் கொம்பு சாய்ந்திருக்கும், கடைசியில் ஒரு புள்ளி. எப்போதும் நீல மை.

பதினொன்றேகாலுக்குக் கடிதம் போய்விட்டது. அறுபத்துநாலு.

டீச்சர் வாசல் பையில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. வெயிலில் கெட்டுவிடுமே என்று எடுத்து நம் ஃபிரிட்ஜில் வைத்தேன். வந்ததும் கொடுத்துவிடலாம். கையெழுத்து விஷயத்தையும் அப்போதே சொல்லிவிடலாம்.

ஜூலை 15, திங்கள்

மாலை 4.20-க்குக் கடிதம் கொடுத்து, சீல் வைத்த ரசீது வாங்கியாயிற்று. சுதர்சன் முகத்தில் ஈயாடவில்லை. குணா கேசரி செய்தாள்.

டீச்சர் இன்னும் வரவில்லை. மகளிடம் புனேக்குப் போயிருக்கலாம். இரண்டு நாள் பாலை என்ன செய்வது என்று குணா கேட்டாள். காய்ச்சி உறை ஊற்றச் சொன்னேன்.

ஜூலை 16, செவ்வாய்

பதினொன்றரைக்குச் செக்யூரிட்டி 703-இன் கதவைத் தட்டினார். வாசல் பையில் நேற்றைய பாக்கெட்டும் இன்றைய பாக்கெட்டும் இருந்தன.

பூட்டை உடைத்தார்கள்.

ஜூலை 19, வெள்ளி

அடக்கம் முடிந்தது. சொந்தக்காரர்கள் பாளையங்கோட்டையிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். நான் முன்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டேன்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. சமையலறை வாசலில் விழுந்திருக்கிறார். செல்போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. ஞாயிறு மாலைக்கும் திங்கள் விடியலுக்கும் நடுவில் உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எப்போது விழுந்தார் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

இரண்டு பாக்கெட் என்றால் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை. இதை எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 24, புதன்

உரிமையாளர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஆவேசம். இன்டர்காம் இருந்திருந்தால் டீச்சர் பிழைத்திருப்பார், கம்பெனிதான் கொன்றது என்றார்கள். கீழே வரவேற்பறையில் டீச்சர் படத்தைப் பெரிதாக்கி வைப்பதென்று முடிவு. அடியில் என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். 'நிர்வாகத்தின் அலட்சியத்துக்குப் பலியானவர்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

பால்காரருக்குச் செல்போன் ஆப்பில் நிறுத்தச் சொல்ல யாருமில்லாததால் 703-இன் வாசலில் இன்னமும் பால் போட்டுக்கொண்டிருக்கிறார். செக்யூரிட்டி எடுத்துக்கொள்கிறார்கள். இன்று நானே போன் செய்து நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குணா இஞ்சி தட்டினாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கம்பெனி கடிதத்தை ஏற்க மறுத்ததால் நாங்கள் போட்ட வழக்கில் இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை நாற்பது வீட்டுக்கும் இன்டர்காம் இணைப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். மாசிலாமணி இனிப்பு அனுப்பியிருந்தார். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்றார். பாதிக் கிணறு தாண்டுவதில் என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

காலை பதினொரு மணிக்கு இன்டர்காம் அடித்தது. திரையில் 703.

பூட்டின வீடு. கேட்டிலிருந்து யாரோ தப்பாக அழுத்திவிட்டார்கள் என்று எடுத்தேன். பேச்சில்லை. இரைச்சல் மட்டும், பெரிய அறையில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தால் எப்படியோ அப்படி. வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பதினொரு மணி. 703.

ஆகஸ்ட் 12, திங்கள்

பதினொரு மணி. 703. எடுக்கவில்லை. பதினேழு முறை அடித்து ஓய்ந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

பத்தேமுக்காலுக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறேன். அறுபத்தேழு வயதில் உச்சி வெயிலில் நடக்கிறவன் நான் ஒருவன்தான் என்று செக்யூரிட்டி சிரிக்கிறார்கள். கீழே இறங்கினால் வரவேற்பறையில் டீச்சர் படம். பின் வாசலால் போகிறேன்.

இன்று திரும்பி வந்தபோது குணா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் மெதுவாக மாட்டினாள்.

"யாருமில்ல, இல்லையா?" என்றேன்.

"இல்ல" என்றாள். "அவங்க கூப்பிட்டா யாராவது எடுக்கணும் இல்லீங்களா. அதான் எடுத்தேன்."

ஆகஸ்ட் 28, புதன்

குணா தயிர் தோய்ப்பதை நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகிறது. கடைத் தயிர்தான். கேட்டால் உறை சரியாக விழுவதில்லை என்கிறாள். நாற்பது வருடமாக விழுந்த உறை.

செப்டம்பர் 5, வியாழன்

கம்பெனி எதிர்மனுப் போட்டிருக்கிறது. அறுபத்துமூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். அறுபத்துநாலாவது ஆள் கையெழுத்துப் போட்ட மறுநாளே இறந்திருக்கிறார், அந்தக் கையெழுத்தை நிரூபியுங்கள் என்கிறார்கள்.

மாசிலாமணிக்குக் கவலையே இல்லை. "டீச்சர் பொண்ணு வந்து, இது எங்கம்மா கையெழுத்துதான்னு ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாப் போதும் சார். இருபதாம் தேதி தாக்கல். நீங்கதான் நேர்ல வாங்கினீங்க, நீங்களும் ஒண்ணு கொடுத்துடுங்க."

நான் சரி என்றேன். டீச்சர் அந்த ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் என்றும் சொன்னேன்.

சொன்ன பிறகு ஜூலை 7-ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்படி எழுதியிருக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

பிரிசில்லா வந்திருக்கிறாள். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் விடுமுறை. குணா சாப்பிடக் கூப்பிட்டாள். நாற்பது வயதுப் பெண், தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் நகலைக் காட்டினேன். கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். விரலால் அந்தக் கடைசிப் புள்ளியைத் தொட்டாள்.

"அம்மாதான்" என்றாள். "அங்கிள், ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போட்டாங்க?"

"பதினோரு மணி இருக்கும்."

"நல்லா இருந்தாங்களா?"

குணா கரண்டியைக் கீழே வைத்தாள். நான், "நல்லா இருந்தாங்கம்மா" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்தேன். அதுவல்ல.

"வெள்ளிக்கிழமை எனக்கும் அம்மாவுக்கும் சண்டை அங்கிள். அந்தக் காசைக் கட்டித் தொலைங்க, இல்லாட்டி வீட்டை வித்துட்டு இங்க வாங்கன்னு கத்திட்டேன். சனி ஞாயிறு ரெண்டு நாளும் பதினோரு தடவை கூப்பிட்டேன். எடுக்கல. முடியாமக் கிடந்திருப்பாங்கன்னு நெனச்சு நெனச்சு செத்தேன். இப்பப் பார்த்தா உங்ககூட நின்னு பேசி, கையெழுத்துப் போட்டிருக்காங்க. என் போனைத்தான் எடுக்கல. என் மேல அவ்வளவு கோவமாவே போயிட்டாங்க."

அவள் போன பிறகு குணா பாத்திரம் கழுவப் போனாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

"அன்னைக்கு வெயில்ல கெட்டுடும்னு பால் எடுத்தீங்களே. ஏழாவது மாடி நடையில எங்கேருந்துங்க வெயிலு வருது?"

அவள் குழாயை மூடவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பிரிசில்லா இருப்பதால் இன்டர்காமைப் பார்க்க டெக்னீஷியன் யூசுப்பை வரச் சொன்னேன். எல்லாம் இன்றோடு தீர்ந்துவிடும் என்று நானும் கூடப் போனேன். டீச்சர் வீட்டுக்குள் ஜூலைக்குப் பிறகு இன்றுதான் கால் வைக்கிறேன். பைபிள், இரண்டு ஜோடிச் செருப்பு, மடித்து வைத்த புடவைகள்.

இன்டர்காம் சமையலறை வாசல் சுவரில் இருக்கிறது. யூசுப் ரிசீவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாரோ சரியா மாட்டல சார். இந்த மாடல்ல பட்டன் ரிசீவர்லயே இருக்கும். பாருங்க, பச்சை பட்டன் உள்ள போய் மாட்டிக்கிச்சு. தினம் பதினொண்ணுக்கு ஜெனரேட்டர் டெஸ்ட் ஓட்டறாங்கல்ல, அப்ப லைன் ஒரு தடவை போயிட்டு வரும். வந்த உடனே இது தானா அடிக்கும்."

"பச்சை பட்டன் யாருக்குப் போகும்?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"செவப்பு கேட்டுக்கு. பச்சைல நமக்கு வேணும்கற ஒரு வீட்டு நம்பரைப் போட்டு வச்சிக்கலாம். இதுல 704 இருக்கு."

எங்கள் வீட்டு எண். நான்தான் போட்டுக் கொடுத்தேன், இரண்டு வருடத்துக்கு முன். டீச்சர் அப்போது எனக்கு ஓமப்பொடி கொடுத்தார்.

யூசுப் ரிசீவரின் கீழ்முனையைக் காட்டினார். பிளாஸ்டிக் விரிந்து, ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. "அடி வாங்கியிருக்கு. கீழ விழுந்தா இப்படி ஆகாது. தரையில வச்சு தட்டுன மாதிரி, ஒரே எடத்துல." பிறகு தரையைக் காலால் தடவிக் காட்டினார். சமையலறை வாசலில் ஒரு டைலில் வெள்ளையாக ஒரு தழும்பு.

லைன் இல்லாத போனை வேறு எதற்கு உபயோகிக்க முடியும்?

செப்டம்பர் 17, செவ்வாய்

புது ரிசீவர் மாட்டியாயிற்று. பதினொரு மணிக்கு அடிக்கவில்லை. நான் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

மாசிலாமணி இரண்டு பிரமாணப் பத்திரமும் தயார் என்று அனுப்பிவிட்டார். 'மேற்படி ஜெபமணி அவர்கள் என் முன்னிலையில், சுயநினைவோடு…' என்று என்னுடையது போகிறது. நாளை நோட்டரி.

நான் சொல்லிவிட்டால் அறுபத்துமூன்று. கடிதம் செல்லாது. கம்பெனிக்கு இன்னும் மூன்று வருடம். நாற்பது வீட்டாரும் பாக்கியை வட்டியோடு கட்ட வேண்டும். என்னை நம்பி நிறுத்தியவர்கள்: மூன்றாம் மாடியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், வீட்டுக் கடன் தவணைக்கே திண்டாடும் ஐந்தாம் மாடித் தம்பதி. என் மேல் வழக்கும் வரும், பொய்க் கையெழுத்துக்கு. பென்ஷன் என்ன ஆகுமோ.

சொல்லாவிட்டால் அந்தப் பெண் தன் தாய் கோபத்தோடு செத்தாள் என்றே சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். பைசா செலவில்லை.

குணாவிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "அன்னைக்கு என்னைக் கேட்டா செஞ்சீங்க?" என்றாள்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை எட்டு மணிக்கு 703-இன் மணியை அடித்தேன். இந்த நோட்டு கையில் இருந்தது. கதவு திறக்கும்வரை நின்றேன்.

பிரிசில்லா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். கையெழுத்தைச் சொன்னேன். பாலைச் சொன்னேன்: சனிக்கிழமை பால், ஞாயிற்றுக்கிழமை பால். வெள்ளி இரவோ சனி விடியலோ விழுந்திருக்கிறார், நீ கூப்பிட்ட பதினோரு தடவையும் அவர் தரையில்தான் கிடந்தார் என்றேன். வெயிலுக்காக எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். பதினொன்றரைக்குச் செக்யூரிட்டி அந்தப் பையைப் பார்த்தால் வீட்டில் என்னவோ என்று கதவைத் திறப்பார்கள். அப்போது பதினொரு மணிக் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதற்காக எடுத்தேன். நான் எழுதிய விதியிலிருந்து நானே தப்பித்துக்கொண்டேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "அப்போ அம்மாவுக்கு என் மேல கோவம் இல்ல" என்றாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அதையே இன்னொரு முறை சொன்னாள்.

பிறகு நோட்டை வாங்கி ஜூலை 14-ஆம் பக்கத்தைப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். சமையலறை வாசலில் இருந்த அந்த டைலைப் பார்த்தாள்.

"இஞ்சி தட்டற சத்தம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"நீங்க வாசலுக்கு வந்தப்பவே அது கேட்டுட்டு இருந்ததா? இல்ல மணி அடிச்ச அப்புறமா?"

எனக்குப் பதில் தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். அதைத்தான் இந்த நோட்டில் எங்கேயும் எழுதாமல் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், அவளும் புரிந்துகொண்டாள். நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலைக் காட்டி, நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

மாசிலாமணிக்குப் போன் செய்து அறுபத்துமூன்றுதான் என்று சொல்லிவிட்டேன். நேரில் வாருங்கள் என்றார். கீழே போய் டீச்சர் படத்துக்கு அடியிலிருந்த என் வாசகத்தைக் கழற்றினேன். சுதர்சன் பார்த்துக்கொண்டிருந்தான். போனை அறுத்தது அவன், அதை அவன் சுமக்கட்டும். என்னுடையதை நான் எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு நான் அந்த வாசலில் போய் நின்றபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மணி அடித்தேன். அதன் பிறகுதான் அவர் தட்ட ஆரம்பித்தார்.